பழைய கோர்ட்டு உத்தியோகஸ்தர்களின் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

குடும்ப மலர், ஊர் வரலாறு, பள்ளி நூற்றாண்டு மலர் தொகுக்கும் அன்பர்களுக்கும், அவற்றை அச்சிடும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

தலைப்பாகையும் கோட்டும் அணிந்த ஒருவரின் படம், கீழே ‘ஆங்கிலேயர் ஆட்சியில் நீதிபதியாக இருந்தவர்’ என்று ஒரு வரி. தஞ்சை, திருச்சி, மதுரை, நெல்லைப் பக்கம் வெளிவரும் மலர்களில் இதைப் பார்க்காமல் இருக்க முடியாது. கிராம முன்சீப், சிரஸ்தார், டிஸ்ட்ரிக்ட் முன்சீப், சதர் அமீன், சப் ஜட்ஜ், தாசில்தார்-மாஜிஸ்திரேட், ஹைகோர்ட் ஜட்ஜ் என்று ஏழு வகை ஆட்களுக்கு இந்த ஒரே வரி போடப்படுகிறது. இவர்களுக்குள் சம்பளம், அதிகாரம், படிப்பு, நியமித்த அலுவலகம் எதுவும் ஒத்துப்போகாது. அந்தக் காலத்தில் நம்மவர் ஒருவர் எந்தப் படியில் நுழைந்தார், எத்தனை ஆண்டு அதிலேயே நின்றார், எந்தக் கதவு திறந்து அடுத்த படிக்குப் போனார் என்பதுதான் அவருடைய உத்தியோக வாழ்க்கை. அதை ஒரு வரியில் கரைத்துவிட்டால் அவர் பட்டபாடும் போய்விடுகிறது, அவர் ஏறமுடியாமல் போனதற்கான காரணமும் போய்விடுகிறது.

எங்கள் வேண்டுகோள் இதுதான். ஒருவரைப் பற்றி எழுதும்போது என்ன பதவி, எந்தத் தரம், நிரந்தரமா ஆக்டிங்கா (தற்காலிகப் பொறுப்பா), எந்தத் தேர்வின் பேரில் அந்த இடத்துக்கு வந்தார், எந்தத் தேதியில் பொறுப்பேற்று எந்தத் தேதியில் விட்டார் என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். எழுதிய ஒவ்வொன்றுக்கும் எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். மற்றவை எல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதற்கான விவரம்.

முதலில், அதிகம் நடக்கும் பிழை. கிராம முன்சீப்பும் டிஸ்ட்ரிக்ட் முன்சீப்பும் ஒருவரல்ல. இரண்டும் சென்னை ராஜதானியில் 1816-ன் ரெகுலேஷன்களால் (கம்பெனி அரசின் சட்டங்களால்) வந்தவை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ தலைமையிலான நீதித்துறைக் கமிஷனின் வேலை அது. நான்காம் ரெகுலேஷன் கிராம முன்சீப்பையும், ஆறாம் ரெகுலேஷன் டிஸ்ட்ரிக்ட் முன்சீப்பையும் ஏற்படுத்தியது. கிராம முன்சீப் ஊர்த் தலைவர். வரிவசூல்தான் அவருடைய முக்கிய வேலை. அதோடு 10 ரூபாய் வரையிலான சில்லறைக் கடன் வழக்குகளைக் கேட்கும் அதிகாரமும் தரப்பட்டது. 1889-ன் கிராமக் கோர்ட்டுச் சட்டம் அந்த வரம்பை 20 ரூபாய் ஆக்கியது. பெரும்பாலும் பரம்பரையாக வந்த பதவி. தமிழ்நாட்டில் 1980-ல் அது ஒழிக்கப்பட்டு, அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆகவே ‘எங்கள் தாத்தா முன்சீப்’ என்ற குடும்பப் பேச்சு 1900-க்குப் பிந்தையதாக இருந்து, அவர் பிறந்த ஊரிலேயே வேலைபார்த்து, அவருடைய அப்பாவும் அதே பதவியில் இருந்திருந்தால், அவர் கிராம முன்சீப்பாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அவரை டிஸ்ட்ரிக்ட் முன்சீப் என்று அச்சிடுவது தவறு.

டிஸ்ட்ரிக்ட் முன்சீப் முழுநேர நீதி அதிகாரி. அவர் கேட்கக்கூடிய வழக்கின் மதிப்பு 1816-ல் 200 ரூபாய். 1821-ல் 500 ஆயிற்று, 1833-ல் 1,000 ஆயிற்று. 1873-ன் மூன்றாம் சட்டம், அதாவது சென்னை சிவில் கோர்ட்டுகள் சட்டம், அதை 2,500 ஆக்கியது. இந்த எண்களை மனத்தில் வைத்திருந்தால் ஒரு பிழையை உடனே பிடிக்கலாம். 1840-ல் ஒரு முன்சீப் 5,000 ரூபாய் நிலவழக்கைத் தீர்த்தார் என்று கதை வந்தால், ஒன்று அவர் முன்சீப் அல்ல, அல்லது ஆண்டு தவறு, அல்லது வழக்குத் தொகை தவறு. எது என்று தேடிப்பார்த்த பிறகே எழுத வேண்டும்.

முன்சீப்புக்கு மேலே சதர் அமீன், அதற்கு மேலே பிரின்சிபல் சதர் அமீன். 1873-ன் சட்டத்தோடு சதர் அமீன் என்ற பெயர்கள் மறைந்து, சப் ஜட்ஜ் என்ற சபார்டினேட் ஜட்ஜ் வந்தார். சப் ஜட்ஜுக்கு வழக்குத்தொகையில் உச்சவரம்பு கிடையாது. அவருடைய தீர்ப்பில் வழக்கு மதிப்பு 5,000 ரூபாய்க்கு மேல் போனால் அன்று அப்பீல் நேராக ஹைகோர்ட்டுக்குப் போயிற்று, ஜில்லா கோர்ட்டுக்கு அல்ல. 1880-ல் ஒருவர் சதர் அமீனாக இருந்தார் என்றோ, 1850-ல் சப் ஜட்ஜாக இருந்தார் என்றோ மலர் சொன்னால், பின்னால் வந்த யாரோ தனக்குத் தெரிந்த பெயரைப் போட்டிருக்கிறார் என்று பொருள். அன்றைக்கு இருந்த பெயரையே வைத்துவிட்டு, ‘இன்றைய சப் ஜட்ஜ் பதவிக்கு ஒப்பானது’ என்று அடுத்த வாக்கியத்தில் விளக்குங்கள்.

அதற்கும் மேலே ஜில்லா ஜட்ஜ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு அது கவனன்டட் சிவிலியன்களுக்கு, அதாவது இங்கிலாந்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த உயர் அதிகாரிகளுக்கு ஒதுக்கப்பட்ட இடம். நம்மவர்களில் மிகத் திறமையானவர்களும் சப் ஜட்ஜ் படியோடு நின்றதற்குக் காரணம் அறிவுக்குறைவு அல்ல, இந்த ஒதுக்கீடு. 1879-க்குப் பிறகு ஸ்டாட்யூட்டரி சிவில் சர்வீஸ் (இந்தியர்களை இங்கேயே நியமித்த பணிவரிசை) வழியாகச் சிலர் நுழைந்தனர். 1886-ல் அமைத்த பப்ளிக் சர்வீஸ் கமிஷனுக்குப் பிறகு புரோவின்ஷியல் சர்வீஸ் என்ற மாகாணப் பணிவரிசைக்காரர்களுக்கென்று சில இடங்கள் பட்டியலிட்டுத் தரப்பட்டன. உங்கள் ஊர்க்காரர் 1870-ல் ஜில்லா ஜட்ஜாக இருந்தார் என்று படித்தால் மிகவும் நிதானமாகச் சரிபாருங்கள்.

இனி கோர்ட்டுக்குள் இருந்த மற்றொரு கூட்டம். சிரஸ்தார், நாசர், ரிக்கார்டு கீப்பர், மொழிபெயர்ப்பாளர், குமாஸ்தா, நகல் எழுதுபவர், அமீனா. இவர்கள் அலுவலகச் சிப்பந்திகள், தீர்ப்புச் சொல்பவர்கள் அல்ல. ஆனால் சிரஸ்தாரைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஜில்லா கோர்ட்டு அலுவலகத்தின் தலைமை அவர்தான். மனு சரியான உருவில் இருக்கிறதா, கோர்ட்டுக் கட்டணம் சரியாகக் கட்டப்பட்டதா, பதிவேட்டில் ஏறிற்றா என்பதெல்லாம் அவர் கையில். நாசர் சம்மன், வாரண்டு, ஜப்தி ஆகியவற்றை அமீனாக்கள் மூலம் நடத்துபவர். வசூலான பணமும் அவர் கணக்கில் நிற்கும். தமிழும் தெலுங்கும் சரிவரத் தெரியாத வெள்ளைக்கார ஜட்ஜுக்கு முன்னால் மொழிபெயர்ப்பாளருடைய ஒரு சொல் வழக்கின் தலைவிதியை மாற்றும். அதனால்தான் அந்தக் காலத்தில் அலுவலகப் பக்கத்திலிருந்து நீதிப் பக்கத்துக்கு ஏணி இருந்தது.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1826-ல் திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்தவர். திருச்சி கோர்ட்டில் ரிக்கார்டு கீப்பர், பிறகு மொழிபெயர்ப்பாளர், அதன்பின் டிஸ்ட்ரிக்ட் முன்சீப். தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் இருந்து, மாயூரத்தில் (மாயவரம், இன்றைய மயிலாடுதுறை) 13 ஆண்டு முன்சீப்பாகவே இருந்தார். கம்பெனி காலத்து உயர் அப்பீல் கோர்ட்டான சதர் அதாலத் 1805 முதல் 1861 வரை வழங்கிய முக்கியத் தீர்ப்புகளைத் தமிழில் தந்து 1862-ல் வெளியிட்டார். பல ஆண்டு மொழிபெயர்ப்பு மேசையில் உட்காராதவரால் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. நாவலாசிரியராக அவரைக் கொண்டாடும் கட்டுரைகள் ரிக்கார்டு கீப்பர் வேலையை ஒரே சொல்லில் தாண்டிவிடுகின்றன. எங்களுக்கு அது பொறுக்கவில்லை. பழைய கட்டுகளைப் பிரித்து அடுக்கி, எண்போட்டு, கேட்டவுடன் எடுத்துத் தரும் அந்த வேலைதான் அவருக்குச் சட்டப் பள்ளிக்கூடம்.

இதோடு ஒட்டிய இன்னொரு பதவி, கோர்ட்டுப் பண்டிதர். இந்து சட்டத்தில் ஐயம் வந்தால் ஜட்ஜ் கேட்கும் கேள்விக்கு வியவஸ்தை, அதாவது சாஸ்திரப்படியான கருத்து எழுதித் தருபவர். முஸ்லிம் சட்டத்துக்கு முப்தி. 1812-ல் சென்னையில் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் இதற்கான மாணவர்கள் பயின்று சான்றிதழ் பெற்றார்கள். 1864-ன் பதினொன்றாம் சட்டம் இந்தச் சட்ட அதிகாரிகளை நிறுத்திவிட்டது. அந்த ஆண்டுக்குப் பிறகு ஒருவரை ‘ஜில்லா கோர்ட்டுப் பண்டிதர்’ என்று எழுதினால் அது நிற்காது.

படிப்பும் தேர்வும் பற்றி. இங்கேதான் மலர்கள் மிகவும் தடுமாறுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் வந்தது. அதற்கு முன் ‘பி.ஏ.’ என்று யாருக்கும் போட முடியாது. யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ.க்கள். தாமோதரம் பிள்ளை அதன்பின் கணக்கு அலுவலகத்தில் வேலைபார்த்து, 1871-ல் பி.எல். ஆகி, கும்பகோணத்தில் வக்கீலாகி, பிறகு புதுக்கோட்டை சமஸ்தானத்து நீதிபதியானவர். புதுக்கோட்டை தனி சமஸ்தானம் என்பதால் அவருடைய அந்த நியமனம் சென்னை அரசின் கெஜட்டுப் பட்டியலில் வராது. சமஸ்தான ஆவணங்களில்தான் தேட வேண்டும். இப்படி இடம் மாறினால் ஆவணமும் மாறும்.

‘எஃப்.ஏ.’ என்பது பட்டம் அல்ல, மெட்ரிகுலேஷனுக்குப் பின் இரண்டாண்டு படித்து எழுதும் இடைத்தேர்வு. ‘எஃப்.எல்.’ என்பது சட்டப் படிப்பின் முதல் கட்டம். ‘பி.எல்.’ மட்டுமே முழுச் சட்டப்பட்டம், பி.ஏ.வுக்குப் பிறகு வருவது. பழைய கடிதத் தலைப்பில் எஃப்.ஏ. என்று கண்டு, அச்சுப்பிழை என நினைத்து பி.ஏ. ஆக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். எழுத்து ஒன்று மாறினால் ஒரு மனிதனின் இரண்டு ஆண்டுப் படிப்பு கூடிவிடுகிறது.

அன்று பட்டம் இல்லாமலும் கோர்ட்டில் வாதாட முடிந்தது. பிளீடர் தேர்வு எழுதித் தேறி, கோர்ட்டின் சன்னது (வாதாடும் அனுமதிப் பத்திரம்) வாங்கினால் போதும். முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிளீடர்களில் வகை உண்டு. எந்தக் கோர்ட்டில் வாதாடலாம் என்பது அந்தத் தரத்தைப் பொறுத்தது. ஹைகோர்ட் வக்கீல் வேறு, ஜில்லா பிளீடர் வேறு. ஹைகோர்ட்டிலேயே பாரிஸ்டர் ஆனவர்கள் ‘அட்வகேட்’, பி.எல். முடித்து வந்தவர்கள் ‘வக்கீல்’ என்று இரண்டு வரிசை இருந்தது. 1926-ன் பார் கவுன்சில் சட்டத்துக்குப் பிறகுதான் அந்த வேற்றுமை கரையத் தொடங்கியது. இன்னொரு விவரம்: 1846-ன் முதலாம் சட்டம்தான் எந்த மதத்தவரும் பிளீடராகலாம் என்று கதவைத் திறந்தது. அதற்கு முன் கம்பெனி கோர்ட்டுகளில் அந்தத் தொழில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் உரியதாக இருந்தது. 1830-களில் ஒரு கிறிஸ்தவ வக்கீல் என்று குடும்பக் குறிப்பில் கண்டால், தலைமுறையைத் தள்ளிப்போட்டு எண்ணியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கு வேறு தேர்வுகள். கிரிமினல் ஜுடிஷியல் டெஸ்ட், சிவில் ஜுடிஷியல் டெஸ்ட், ரெவின்யூ டெஸ்ட், மொழிபெயர்ப்புத் தேர்வு என்று ஸ்பெஷல் டெஸ்டுகள் இருந்தன. தேறியவர் பட்டியல் கெஜட்டில் வரும். குமாஸ்தா ஒருவர் மேலே போவதற்கு இவை வாசல். வீட்டில் ‘சட்டம் படித்தவர்’ என்று சொல்லி வருவது பல சமயம் இந்த டெஸ்டைத்தான்.

எந்தத் தேர்வும் எந்தப் பதவியும் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்தின என்பதற்கு டி. முத்துசாமி ஐயரின் ஏற்றத்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1832-ல் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். கிராமக் கணக்கரிடம் மாதம் 1 ரூபாய்க்கு உதவியாளராகத் தொடங்கினார். ஒரு தாசில்தாரின் ஆதரவால் சென்னைக்குப் படிக்கப் போனார். 1854-ல் ஆங்கிலக் கட்டுரைக்காக 500 ரூபாய் எல்பின்ஸ்டன் பரிசு. பிறகு 60 ரூபாய்ச் சம்பள ஆசிரியர், கலெக்டர் கச்சேரி ரிக்கார்டு கீப்பர், பள்ளிகளின் டெபுடி இன்ஸ்பெக்டர். பிளீடர் தேர்வில் முதலிடம் பெற்றதும் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். டென்மார்க்காரர்களிடமிருந்து 1845-ல் வாங்கிய ஊர் அது. 1859-ல் தஞ்சை டெபுடி கலெக்டர். இது ரெவின்யூ பக்கம், கோர்ட்டுப் பக்கம் அல்ல. 1865-ல் மங்களூர் பிரின்சிபல் சதர் அமீன், 1868-ல் சென்னை போலீஸ் மாஜிஸ்திரேட், பிறகு சிறுவழக்குக் கோர்ட்டு ஜட்ஜ். பி.எல். பட்டம் வாங்கியது சென்னைக்கு மாறிய பிறகு. அதாவது பல ஆண்டு தீர்ப்பு எழுதிய பின் பட்டம் வந்தது. ‘சட்டம் படித்து முன்சீப் ஆனார்’ என்று எழுதினால் வரிசையே தலைகீழாகிவிடும்.

1878-ல் அவர் ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனது எப்படி? 1861-ன் ஹைகோர்ட்டுகள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஜட்ஜுகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாரிஸ்டர்கள், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கவனன்டட் சிவிலியன்கள். மிச்சமிருக்கும் இடத்துக்குத்தான் நம்மவர் நுழைய முடியும். அதற்கும் தகுதி சொல்லியிருக்கிறது: பிரின்சிபல் சதர் அமீன் அல்லது சிறுவழக்குக் கோர்ட்டு ஜட்ஜ் பதவிக்குக் குறையாத நீதிப் பதவியில் ஐந்தாண்டு, அல்லது சதர் கோர்ட்டிலோ ஹைகோர்ட்டிலோ பத்தாண்டு பிளீடர். சட்டம் பெயர்சொல்லிக் குறிப்பிட்ட இரண்டு பதவிகளிலும் முத்துசாமி ஐயர் இருந்தவர். மங்களூர் மாற்றலை ‘பிறகு மங்களூரிலும் பணியாற்றினார்’ என்று பாதி வரியில் கடந்துபோகிறவர்கள் இந்த முடிச்சைத் தவறவிடுகிறார்கள். 1895-ல் அவர் மறைவுக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் மற்றொரு வாசல் வழியாக வந்தவர். மதுரையில் குமாஸ்தாவாகத் தொடங்கி, பி.எல். முடித்து, 1869-லிருந்து வக்கீல். 1888-ல் அரசு பிளீடர். பத்தாண்டு பிளீடர் என்ற பிரிவு அவருக்கு.

கல்கத்தா ஹைகோர்ட்டில் சம்புநாத் பண்டிட் 1863-லேயே ஜட்ஜ் ஆகிவிட்டார். சென்னை 1878 வரை காத்திருந்தது. அப்போதும் இங்கிருந்த ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள், அதாவது இங்கு வாழ்ந்த ஆங்கிலேயரின் பத்திரிகைகள், முத்துசாமி ஐயர் நியமனத்தைத் தாக்கின. அதற்குப் பதில் சொல்லத்தான் அந்த ஆண்டு செப்டம்பரில் ‘தி இந்து’ பிறந்தது. ஆகவே இப்படிப்பட்ட ஒரு நியமனத்தைத் தேதியோடு, தகுதிப் பிரிவோடு எழுதுவது வெறும் அலுவலகச் செய்தி அல்ல.

அதே முத்துசாமி ஐயரைப் பற்றி இன்னொரு பிழை உலவுகிறது: ‘சென்னையின் முதல் இந்தியத் தலைமை நீதிபதி’. 1893-ல் மூன்று மாதம் ஆக்டிங் தலைமை நீதிபதியாக இருந்தார். நிரந்தரமாக அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் பி.வி. ராஜமன்னார், 1948-ல். இரண்டுமே பெருமைக்குரியவை. ஒன்றை மற்றொன்றாக்க வேண்டாம்.

இந்த ஆக்டிங் விஷயம் கீழ்ப்படிகளில் இன்னும் சிக்கலானது. ஜில்லா ஜட்ஜ் ஒருவர் ஆறு மாத லீவில் சீமைக்குப் போனால், அவர் இடத்துக்குக் கீழே இருந்தவர் வருவார், அவர் இடத்துக்கு அடுத்தவர், அப்படியே கடைசியில் ஒரு வக்கீல் ஆக்டிங் முன்சீப்பாக உட்காருவார். லீவு முடிந்ததும் எல்லாரும் ஒருபடி இறங்குவார்கள். இதனால் ஒரே மனிதர் நான்கு ஆண்டில் மூன்று முறை முன்சீப் ஆகி, மூன்று முறை மறுபடி வக்கீலாகவோ சிரஸ்தாராகவோ ஆகியிருப்பார். கெஜட்டில் முதல் நியமனத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘அந்த ஆண்டு முதல் ஓய்வுபெறும் வரை முன்சீப்’ என்று எழுதுவது இதனால்தான் பொய்த்துப்போகிறது. நியமன அறிவிப்பு வேறு, பொறுப்பேற்ற அறிவிப்பு வேறு என்பதையும் கவனியுங்கள். நியமனமாகியும் போய்ச் சேராதவர்கள் உண்டு, வழியிலேயே வேறு ஊருக்கு மாற்றப்பட்டவர்கள் உண்டு. பொறுப்பேற்ற தேதியே கணக்கு.

தரமும் முக்கியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டிஸ்ட்ரிக்ட் முன்சீப்புகள் பல தரங்களாகப் பிரிந்து, மாதம் 200 ரூபாயிலிருந்து 400 ரூபாய் வரை வாங்கினார்கள். கடைசித் தரத்திலிருந்து முதல் தரம் போக மேலே இடம் காலியாக வேண்டும். பதவியின் பெயர் மாறாமலே சம்பளம் இரண்டு மடங்காவதும், பெயர் மாறாமல் பத்தாண்டு ஒரே சம்பளத்தில் நிற்பதும் இதில் அடங்கும். சம்பளத்தை இன்றைய லட்சங்களாக மாற்றிப் போடாதீர்கள். அதே கோர்ட்டில் குமாஸ்தா என்ன வாங்கினார், ஜில்லா ஜட்ஜ் என்ன வாங்கினார் என்று பக்கத்தில் போட்டாலே வாசகருக்கு விளங்கும்.

மாஜிஸ்திரேட் என்று கண்டால் வகுப்பைத் தேடுங்கள். அன்றைய கிரிமினல் நடைமுறைச் சட்டப்படி மூன்றாம் வகுப்பு மாஜிஸ்திரேட் ஒரு மாதச் சிறையும் 50 ரூபாய் அபராதமும் விதிக்க முடிந்தது. இரண்டாம் வகுப்பு ஆறு மாதமும் 200 ரூபாயும். முதல் வகுப்பு இரண்டாண்டும் 1,000 ரூபாயும். தாசில்தார்களுக்கு இந்த அதிகாரம் கூடவே வந்தது. அவர்கள் ரெவின்யூ இலாகா ஆட்கள். கோர்ட்டு சர்வீஸ் அல்ல. ஆனரரி மாஜிஸ்திரேட்டுகள் சம்பளமில்லாத ஊர்ப் பெரியவர்கள்.

பட்டங்களைப் பதவியோடு குழப்ப வேண்டாம். ராவ் சாகிப், அதற்கு மேல் ராவ் பகதூர், அதற்கு மேல் திவான் பகதூர். முஸ்லிம்களுக்கு கான் சாகிப், கான் பகதூர். இவை வைசிராய் தந்த மரியாதைகள். இவற்றால் சம்பளமோ அதிகாரமோ கூடாது. திவான் பகதூர் என்றால் ஏதோ சமஸ்தானத்தில் திவானாக இருந்தார் என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். சி.ஐ.இ., கே.சி.ஐ.இ. ஆகியவை 1878-ல் ஏற்பட்ட இந்தியப் பேரரசு விருதுவரிசை. பட்டம் வந்த ஆண்டுக்கு முன்பு நடந்த சம்பவத்தைச் சொல்லும்போது பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தைப் போடாதீர்கள்.

இனித் தேடும் முறை. வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். சன்னது, பென்ஷன் சான்று, மாற்றல் உத்தரவு, கோர்ட்டு ஏல விற்பனைச் சான்று ஆகியவற்றில் எது கிடைத்தாலும் முத்திரையின் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். முத்திரையில் கோர்ட்டின் பெயர் இருக்கும். கையொப்பத்தின் கீழே பதவி இருக்கும். படத்தைக் கடைசியில் பாருங்கள். கோட்டும் தலைப்பாகையும் வக்கீலுக்கும் சிரஸ்தாருக்கும் ஒன்றுதான்.

பிறகு அச்சு ஆவணங்கள். 1832 முதல் வந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த சிவில் லிஸ்ட் (அதிகாரிகளின் பதவிப் பட்டியல்), கெஜட்டட் அதிகாரிகளின் சர்வீஸ் வரலாற்றுத் தொகுதிகள், படித்த பட்டத்துக்குப் பல்கலைக்கழகக் காலண்டர் என்ற ஆண்டுக் கையேடு. சிவில் லிஸ்டில் தொடங்கினால் வேலை சுலபம். ஐந்தாண்டு இடைவெளிவிட்டு எடுத்துப் பார்த்து, எந்த இடைவெளிக்குள் பதவி மாறுகிறது என்று கண்டபின் கெஜட்டுக்குப் போய்த் தேதியைப் பிடிக்கலாம். இதற்கெல்லாம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் முதல் இடம். நியமனத்துக்குப் பின்னால் இருந்த விவாதம் தெரிய வேண்டுமானால் நீதித்துறை அரசாணைக் கட்டுகளைக் கேளுங்கள். அரசாணை எண்ணும் தேதியும் தெரியாமல் போனால் அலைச்சல்தான். முதலில் அந்தந்த ஆண்டின் இண்டெக்ஸ் தொகுதியைப் பார்த்து எண் குறித்துக்கொண்டு போங்கள்.

பெயரைத் தேடும்போது இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். உகரத்துக்கு இரட்டை ஓவும், ஈகாரத்துக்கு இரட்டை ஈயும் போட்ட காலம் அது. முத்துசாமி என்பதை மூட்டூசாமி என்று வாசிக்கும்படி அச்சிட்டிருப்பார்கள். இனிஷியல் சில ஆண்டுகளில் இருக்கும், சிலவற்றில் இராது. ஒரே பெயரில் இரண்டு முன்சீப்புகள் ஒரே ஜில்லாவில் இருப்பதும் சாதாரணம். அவர்களைப் பிரிக்க ஒரே வழி, சர்வீஸில் சேர்ந்த தேதி. ஊரும் தேதியும் இரண்டும் ஒத்தால் மட்டும் அவர்தான் இவர் என்று கொள்ளுங்கள்.

பலர் பயன்படுத்தாத, ஆனால் மிகவும் உறுதியான சாட்சி ஒன்று உண்டு: சட்ட அறிக்கைத் தொகுதிகள். 1862 முதல் சென்னை ஹைகோர்ட் ரிப்போர்ட்டுகள், 1876 முதல் இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் சென்னை வரிசை. ஒவ்வொரு இரண்டாம் அப்பீலின் அடிக்குறிப்பிலும் இந்த வகையில் ஒரு வாசகம் இருக்கும்: ‘தஞ்சை ஜில்லா ஜட்ஜ் இன்னார் அப்பீல் வழக்கு இத்தனையில் அளித்த டிக்ரியை எதிர்த்து, அது, மாயவரம் டிஸ்ட்ரிக்ட் முன்சீப் இன்னார் அசல் வழக்கு இத்தனையில் அளித்த டிக்ரியை உறுதிசெய்தது.’ இந்த ஒரே வரியில் பெயர், பதவி, ஊர், வழக்கு எண், ஆண்டு எல்லாம் கிடைத்துவிடும். ஆக்டிங் என்றால் பல சமயம் அதையும் சொல்லும். ஆனால் ஒரு எச்சரிக்கை. பக்கத்தின் மேலே உள்ள தேதி ஹைகோர்ட் தீர்ப்பின் தேதி. முன்சீப் தீர்ப்புச் சொன்னது அதற்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பாக இருக்கும். மேல்தேதியை எடுத்துக்கொண்டால், அவர் மாற்றலாகிப் போன பின்னும் அதே ஊரில் இருந்ததாக ஆகிவிடும். அசல் வழக்கின் ஆண்டையும், ஜில்லா கோர்ட்டு அப்பீலின் ஆண்டையும் பாருங்கள். முன்சீப்பின் தீர்ப்பு பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் நடுவில் விழும்.

ஜில்லா கோர்ட்டு ரிக்கார்டு அறையில் தேடுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாட்சி வாக்குமூலம், மனு போன்றவை குறித்த காலத்துக்குப் பின் விதிப்படி அழிக்கப்படும். தீர்ப்பும் டிக்ரியும் நெடுங்காலம் வைக்கப்படும். ஆகவே ‘முழுக் கட்டு’ கேட்காமல், வழக்கு எண் சொல்லித் தீர்ப்பு நகல் கேளுங்கள்.

இலங்கை மலர்களுக்கு ஒரு சொல். அங்கே முன்சீப், சதர் அமீன் என்ற ஏணியே கிடையாது. போலீஸ் மாஜிஸ்திரேட், டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ், புரொக்டர் (ஒரு வகை வழக்கறிஞர்), அட்வகேட், முதலியார் பட்டம் என்று வேறு அமைப்பு. பொன்னம்பலம் அருணாசலம் 1875-ல் தேர்வெழுதி இலங்கை சிவில் சர்வீஸில் நுழைந்த பின் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜாக இருந்தவர். அந்தப் பதவியைச் சென்னையின் டிஸ்ட்ரிக்ட் முன்சீப்போடு சமன்படுத்திவிடாதீர்கள்.

குறிப்பை எழுதும் உருவம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பெயர், பிறந்த ஆண்டு, முதல் வேலையும் சம்பளமும், தேறிய தேர்வும் ஆண்டும், பிறகு ஒவ்வொரு பதவியும் ஊரும் பொறுப்பேற்ற தேதியும், ஆக்டிங் எனில் அந்தச் சொல், ஓய்வு, பட்டம். அதன்பின் அவருடைய தீர்ப்புகளில் ஒன்றையாவது தேடி எடுத்து, வழக்கு எதைப் பற்றியது, ஹைகோர்ட் அதை ஏற்றதா மாற்றியதா என்று இரண்டு வரி எழுதுங்கள். தீர்ப்பை ஹைகோர்ட் மாற்றியிருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். குடும்பத்தார் தங்க மெடல், கவர்னர் பாராட்டு என்று சொல்வதை ‘குடும்பத்தில் சொல்லப்படுவது’ என்ற அடையாளத்தோடு தனிப் பத்தியாகப் போடலாம். அதை உத்தியோக வரிசைக்குள் கலக்காதீர்கள்.

மலர் ஏற்கெனவே அச்சாகிவிட்டதா? ஒரு பக்கத் திருத்தத் தாள் அச்சிட்டு, கையிலிருக்கும் பிரதிகளில் அந்தப் படத்துக்கு எதிர்ப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஊர் நூலகத்துக்கும் பள்ளிக்கும் கொடுத்த பிரதிகளிலும் ஒட்டச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் வரியை நம்பித்தான் அடுத்த மலர் எழுதுகிறவர் நகலெடுக்கப்போகிறார்.

இப்படிக்கு,
பழைய நீதித்துறை ஆவணங்களை வாசித்து வருவோர்